என் கையைப் பார்த்த கைராசிக்காரர்களுக்கு

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவில் கடமை செய்யும் டொக்டர்மாருக்கும், தாதிமாருக்கும், சிற்றூழியர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை நாலு இரவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரேயடியாக உட்கார்ந்து எழுதி முடிக்கத்தான் ஆசை. அரைப் பக்கம் போனதும் நீங்கள் ஆப்பரேஷன் செய்து உள்ளங்கையில் தையல் போட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் நோவு கிளம்புகிறது. "இது சில மாசம் இருக்கும், பயப்படாதீங்க, தானா அடங்கும்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினீர்கள். அதனால் பயப்படாமல் பேனையை மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடர்கிறேன். எழுதுவது நான்தான், வலது கையால்தான். சித்திரை மாதம் என்றால் இது நடந்திருக்காது. பேனை விரலுக்குள் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

உங்கள் கிளினிக்கில் வாங்குகள் நிறைந்து சுவரோரமும் சனம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் என் முகம் உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள் நான். வயது 47. பதினெட்டாவது வயதில் பேர் பதிந்தேன். மலையில் என்னோடு நிரை பிடிக்கிறவர்கள் எனக்கு வேகக் கை என்பார்கள். மழைக்குப் பிறகு வெயில் பட்டு, கொழுந்து பொங்கி வரும் நாட்களில் 30 கிலோவுக்கு மேலும் எடுத்திருக்கிறேன். அந்தக் கை என்னைவிட்டுப் போன கதையைச் சொல்ல வேண்டியிருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கியது. முதலில் இரவில் மட்டும். நடுச்சாமத்தில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்து, உள்ளே ஊசி குத்துவதுபோல் இருக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். ஈரத் துணியை உதறுவதுபோல் உதறினால்தான் கொஞ்சம் உணர்ச்சி திரும்பும். படுத்தால் மறுபடியும் அதே கதை. லயத்துக் காம்பராவில் ஒருவர் எழும்பினால் எல்லோருக்கும் நித்திரை கெடும். மகள் உயர்தரம் படிக்கிறாள், அவளுடைய நித்திரை பெரிது. அதனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய்க் குந்திக்கொண்டு கையை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மார்கழி, தை மாதத்து இரவுக் குளிர் இந்தப் பக்கத்தில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பகலுக்கும் வந்தது. தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவியது. சட்டைக் கொக்கி போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. காலையில் ரொட்டிக்குக் கோதுமை மா குழைப்பதுதான் எனக்குப் பெரிய சோதனை. விரல் மாவில் இருக்கிறது, ஆனால் மாவு பதமா தண்ணியா என்று விரல் எனக்குச் சொல்லவில்லை. மலையிலும் அப்படித்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கிறவளுக்குக் கண் பாதி வேலைதான் செய்யும். மீதியை விரல் நுனிதான் செய்யும். எது இளசு, எது முற்றல், எங்கே ஒடிக்க வேண்டும் என்று விரலுக்குத்தான் தெரியும். அந்த அறிவு போய்விட்டால் இலையைக் கிழித்து இழுக்க வேண்டிவரும், முற்றலும் சேர்ந்து கூடைக்குள் விழும். கங்காணி திட்டினார். அவர் திட்டியது சரிதான். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும். 12 கிலோவில் கை நின்றுவிடும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோது லயமே சந்தோஷப்பட்டது. எனக்கு அந்த மாதம் பாதி நாளுக்கு மேல் அரைப்பேர்தான் விழுந்தது.

நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. சித்தாலேப தைலம் பூசினேன். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தடவினேன். வாயு பிடித்திருக்கிறது என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஒரு இடத்தில் காட்டினேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். பனடோலும் ஒரு விற்றமின் குளிசையும் கொடுத்து, "வயசாகுதுதானே" என்று அனுப்பினார்கள். அப்போது எனக்கு வயது 45.

உங்கள் கிளினிக்குக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் பஸ்ஸில் ஏறி, லிந்துலை, நானுஓயா தாண்டி நுவரெலியாவில் இறங்கும்போது விடிந்துதான் இருந்தது. நம்பர் துண்டு எடுத்து, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்னைப் பார்த்தவர் ஒரு இளம் டொக்டர். பேச்சிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் என்று தெரிந்தது. கையைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி:

"நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள் அம்மா?"

கொழுந்து எடுக்கிறேன் என்றேன். அதோடு விடுவார் என்று நினைத்தேன். "எப்பிடி எடுக்கிறது? ஒருக்கா செய்து காட்டுங்கோ" என்றார். நான் வெட்கப்பட்டேன். முன்னால் மேசை, கொப்பி, ஸ்டெதஸ்கோப். கூடை இல்லை, செடி இல்லை. இரண்டு கையையும் தூக்கி வெறும் காற்றில் கொழுந்து எடுத்துக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டு மடங்குவதையும் பெருவிரல் சுட்டுவிரலோடு சேர்ந்து நெரிப்பதையும் குனிந்து பார்த்தார். ஒரு கிலோவுக்கு எத்தனை கொழுந்து இருக்கும் என்று கேட்டார். ஆயிரத்துக்குக் குறையாது என்றேன். ஒரு நாளைக்கு 18 கிலோ என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. 29 வருஷமாக நான் எடுத்த கொழுந்தை எடை போட்டவர்கள் பலர். என் கையை நினைத்து அதை எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகுதான் கையைத் தொட்டார். மணிக்கட்டில் விரலால் தட்டினார், நடுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்ததுபோல் ஓடியது. இரண்டு கையையும் கவிழ்த்து, புறங்கையோடு புறங்கை சேர்த்து மடக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிடம் முடிவதற்குள் விறைத்துவிட்டது. பெருவிரலின் அடியில் உள்ள சதை மேட்டைத் தடவிப் பார்த்து, "இன்னும் வற்றேல்லை, நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறீங்கள்" என்றார். பிறகு என் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். மணிக்கட்டில் கீழே வளைவாக எலும்பு, மேலே தடித்த ஒரு பட்டி, நடுவே ஒரு சுரங்கம், கார்ப்பல் டனல் என்று பேர். அந்தச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகின்றன. ஓயாமல் மடக்கி நெரிக்கிற வேலையில் உள்ளே வீங்கி இடம் குறைந்தால் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். சீனி வருத்தம் இருந்தாலும், தைரொயிட் குறைவாக இருந்தாலும் இது வரும், அதையும் பார்க்க வேண்டும் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது என்றும் சொன்னார்.

"சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள ஒரே நேரத்தில பத்து ரயில் போற மாதிரியா மிஸ்?" என்று கேட்டேன். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் உள்ள அந்தச் சுரங்கத்தில் எத்தனையோ முறை ரயிலில் போயிருக்கிறேன். அவரும் போயிருப்பார் போல. சிரித்துக்கொண்டே, ஓம், அதேதான் என்றார்.

அப்போது ஒன்று கேட்டேன். சுண்டுவிரலுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? அந்த விரலுக்கு வேறு நரம்பு, அது இந்தச் சுரங்கத்துக்குள்ளே வராது, வெளியால் போகிறது என்றார்.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் நோவு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். என் அம்மா குங்குமத்தைச் சுண்டுவிரலால்தான் வைத்துக்கொள்வார். எல்லோரும் மோதிர விரலால் வைப்பார்கள், அம்மா மட்டும் சுண்டுவிரலால். கோயிலில் கூட மற்றப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பழகிப்போச்சு என்பார். மற்ற விரல்களுக்கு உணர்ச்சி இல்லாமல்தான் அம்மா அப்படிப் பழகினார் என்பது, அவர் போய் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, உங்கள் கிளினிக் மேசையில்தான் எனக்குத் தெரியவந்தது.

அம்மாவும் இரவில் கையை உதறுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகள். இருட்டில் அம்மா யாருக்கோ கையாட்டுகிறார் என்று தங்கை பயந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். கடைசிக் காலத்தில் பெருவிரலடிச் சதை முழுக்க வற்றி, உள்ளங்கை அகப்பைபோல் தட்டையாகிவிட்டது. ரொட்டியைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொழுந்துக்காரி கை அப்படித்தான் போகும் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். அவர் கையைப் பிடித்துப் பார்த்து, என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

உடனே கத்தி வைக்கவில்லை நீங்கள். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டி தந்தீர்கள். ஆறு கிழமை கட்டினேன், கொஞ்சம் குறைந்தது. பிறகு மணிக்கட்டில் ஒரு ஊசி போட்டீர்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்து, கொழுந்துக் காலம் வந்ததும் திரும்பிவிட்டது. நரம்பில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்கக் கண்டிக்கு அனுப்பினீர்கள். அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான், இனி அந்தப் பட்டியை வெட்டி நரம்புக்கு இடம் விட வேண்டும், சின்ன ஆப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். ஒவ்வொரு படியிலும் ஏன் இது, இது சரிவராவிட்டால் அடுத்தது என்ன என்று சொன்னீர்கள். அடுத்தது என்ன என்று தெரிந்தால் காத்திருப்பது கஷ்டமில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள். மழை விடாமல் பெய்தது. நானுஓயா வளைவுகளில் பஸ் ஊர்ந்துதான் வந்தது. நேரம் பிந்திவிட்டது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத் தலை நனைய ஓடி வந்தேன். வாசலில் நின்ற சிற்றூழியர் அம்மா ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. துவாய் எடுத்துத் தலையைத் துடைக்கச் சொன்னார். கையில் இருந்த கண்ணாடி வளையலைக் கழற்ற வேண்டும். கை வீங்கியிருந்ததால் வரவில்லை. உடைத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குழாயடிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் நுரைத்து, ஒவ்வொன்றாக, ஒன்றும் உடையாமல் கழற்றி, துணித் துண்டில் சுற்றி மகளின் கையில் கொடுத்தார். "உடைக்க வேணாம் அக்கா. நல்ல வேலைக்கு வந்தது" என்றார். அவர் சிங்களவர். வளையல் உடைவது எங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பேர் எனக்குத் தெரியாது. இந்த மடல் அவர் காதுக்கும் போக வேண்டும், யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது சம்மதப் பாரம். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவுக்கு ஒரு ஆப்பரேஷன் நடந்தது, வேறோர் இடத்தில். முழுக்கச் சிங்களத்தில் இருந்த ஒரு பாரத்தை நீட்டி அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அம்மா அந்த விறைத்த பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினார். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தத்தில் எழுதியது 1987இல். நான் சொல்வது அதற்கும் பிறகு நடந்தது. சட்டத்தில் எழுதியது ஒரு மேசைக்கு வந்துசேர எத்தனை வருஷம் எடுக்கும் என்பது அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் மேசையில் இருந்த தாதி சிங்களத் தாயின் பிள்ளை. வரி வரியாகத் தமிழில் சொன்னார். கை விறைக்கப் போடும் ஊசி எரியும், தழும்பு கொஞ்ச நாள் நோகும், நூறில் சிலருக்குக் குணம் முழுதாக வராமலும் போகலாம் என்பதைக்கூட மறைக்கவில்லை. இடையில் ஒரு சொல் வராதபோது கூடத்தில் இருந்த இன்னொரு நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பவந்து சொன்னார். முழுக்கச் சொல்லிவிட்டு, "விளங்கிச்சா அக்கா? விளங்கினா மட்டும் சைன் பண்ணுங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. ஆனாலும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அதைப் போட்டேன்.

உள்ளே நடந்ததை விரித்துச் சொல்ல அதிகமில்லை. ஊசி எரிந்தது உண்மை. அதைவிட, இரத்தம் வராமல் இருக்க மேற்கையில் இறுக்கிக் கட்டியதுதான் கூட நோவு. முகத்துக்கும் கைக்கும் நடுவில் பச்சைத் துணி. பெரிய டொக்டர் என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மகள் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு என்று சொல்லி முடிப்பதற்குள், "முடிஞ்சுது" என்றார். கால்மணி நேரம் இருக்குமோ என்னவோ. நாலு தையல். கட்டுப்போட்டு, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைக்க வேண்டும், விரலை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, பின்னேர பஸ்ஸுக்கு அனுப்பினீர்கள். ஒரு சதம் வாங்கவில்லை.

கால்மணி நேரம். இதைத்தான் நான் வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முப்பது வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தது, கால்மணி நேர வேலை.

அன்றிரவு நான் தூங்கினேன். தூங்கினேன் என்று எழுதினால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் எழும்பாமல், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டுச் சங்கு ஊதும்வரை தூங்கினேன். மகள் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். காயம் நொந்தது, ஆனால் அந்த விறைப்பு, அந்த ஊசிக்குத்து, முதல் இரவே போய்விட்டது.

ஆறு கிழமை கொழுந்து எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னபோது, "உங்களால முடியுமா? சம்பளத்துக்கு என்ன செய்வீங்க?" என்றும் சேர்த்துக் கேட்டீர்கள். முடியும் என்று அப்போது பொய்தான் சொன்னேன். எங்களுக்கு வேலைக்குப் போனால்தான் பேர். நீங்கள் அதை நம்பவில்லை போலிருக்கிறது. தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தீர்கள். ஓய்வு தேவை என்று மொட்டையாக எழுதாமல், என்ன ஆப்பரேஷன், எத்தனை கிழமைக்கு எந்த வேலை கூடாது, எந்த வேலை செய்யலாம் என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தால்தான் மூன்றாவது கிழமையிலிருந்து, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தில் வேலை தந்தார்கள். அதுவரைக்கும் என்ன செய்தேன் என்று நீங்கள் அடுத்த கிளினிக்கில் கேட்டீர்கள், சனம் கூடியிருந்ததால் சுருக்கமாகச் சொன்னேன். இப்போது முழுக்கச் சொல்கிறேன். பக்கத்துக் காம்பரா மதினி தன் சீட்டு முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அவர் அந்தக் காசுக்குத் தகரம் மாற்ற இருந்தார். மழைக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார். தண்ணி எடுத்து வந்தது, மா குழைத்தது, என் தலையை வாரிவிட்டது எல்லாம் என் நிரைக்காரிகள்தான். நீங்கள் வைத்த தையல் பிரியாமல் இருந்ததில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. உங்களுக்கு நன்றி சொல்லும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தீர்கள். மூன்றாவது மாதம் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மா குழைத்தேன். உப்புக் கல் ஒன்று கரையாமல் விரலில் தட்டுப்பட்டது. அதை எடுத்து மகளுக்குக் காட்டினேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, ஒன்றும் பேசாமல் என் கையை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

உங்களுடைய கஷ்டமும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் நாங்கள் வரிசையில் நின்றபோது, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை, நூல் இல்லை என்று செய்தியில் கேட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மாரும் தாதிமாரும் நாட்டைவிட்டுப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, என் வீட்டிலிருந்தும் ஒருவர் பிழைப்புக்கு வெளியூரில்தான் இருக்கிறார். ஆனால் நீங்கள் இருந்தீர்கள். நான் வந்த அன்று நீங்கள் அங்கே இருந்தீர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றுகிறது. இப்போது சரியாகக் கூப்ப முடிகிறது.

நன்றியோடு ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். நன்றி சொல்ல வந்தவள் கேட்கவும் செய்கிறாளே என்று நினைக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

என் கட்டைப் பார்த்துவிட்டு மலையில் ஒவ்வொருத்தியாக வந்து தன் கையைக் காட்டினாள். எங்கள் ஒரு டிவிஷனில் மட்டும் ஒன்பது பேர் இரவில் கை உதறுகிறார்கள். நான் எண்ணினேன். அதில் ஒருத்திக்குப் பெருவிரலடி வற்றத் தொடங்கிவிட்டது, அம்மாவுக்கு இருந்த அதே தட்டை. இவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வருத்தம் என்று நினைத்தால்தானே வருவார்கள்? மூட்டு வலி, வயசு, வாயு என்று ஒரு பேர் வைத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தால் ஒரு பேர் போகும், பஸ் காசும் போகும்.

தோட்டத்துக்கு மருத்துவிச்சி அம்மா வருகிறார், கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் நன்றாகப் பார்க்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியும் இருக்கிறது. அந்த டொக்டர் அன்று என்னிடம் கேட்டதை அவர்களும் கேட்கும்படி நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும். என்ன வேலை செய்கிறீர்கள்? இரவில் கையை உதறுகிறீர்களா? சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா? இதற்கு மிஷின் வேண்டியதில்லை. நேரத்தோடு தெரிந்தால் இரவுப் பட்டியோடு முடிந்துவிடும், பலருக்குக் கத்தியே தேவைப்படாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருஷத்தில் ஒரு நாள் ஒரு தோட்டத்துக்கு வந்தால், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே மேசை போட்டுத் தருவோம். கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள். எடை போடத்தான் இதுவரைக்கும் நீட்டியிருக்கிறோம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டொக்டர் போட்ட படத்தை மகள் பெரிதாக வரைந்து தந்திருக்கிறாள். எலும்பு, பட்டி, ஒன்பது நாண், ஒரு நரம்பு. பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளையை விட வருகிற தாய்மாருக்கு நானே காட்டிச் சொல்கிறேன். தப்பாகச் சொல்கிறேனா என்று ஒருமுறை வந்து பார்த்துத் திருத்திவிடுங்கள்.

இடது கைக்கு ஐப்பசியில் திகதி தந்திருக்கிறீர்கள். இந்தத் தடவை வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவேன். அந்தச் சிற்றூழியர் அம்மாவும், பாரம் வாசித்த தாதியும், யாழ்ப்பாணத்து டொக்டரும் அன்று கடமையில் இருந்தால் கொஞ்சம் பசியோடு இருக்கச் சொல்லுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, வலது கையால் மா குழைத்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக்கில் வெறும் காற்றில் கொழுந்து எடுத்துக் காட்டியவள்,
தலவாக்கலை.